உலகப் படத்தில் எங்க ஊர்க் கண்மாய்

இணையத்தில் உனக்குப் பிடித்த தளம் எது என்று யாராவது கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப். கேட்டவர் அத்தோடு தப்பிக்க முடியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ரயிலில் எதிர் சீட்டுக்காரர், முடிவெட்டும் கடையில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் என்று யாரிடமும் ஆரம்பித்துவிடுவேன். வீட்டில் எனக்கு ‘மேப்புக் கிறுக்கு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். உலகத்தின் வரைபடத்தை உலகத்தாரே உட்கார்ந்து வரைகிறார்கள்; இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு நீங்களும் அதில் கை வைக்கலாம்; காசு கிடையாது, யாருடைய சிபாரிசும் வேண்டாம். இதைக் கேட்டபிறகும் கிறுக்குப் பிடிக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

இந்தக் கிறுக்குதான் எனக்குச் சோறும் போடுகிறது. நான் வெப் டெவலப்பர். பார்க்கிறவர்கள் தொட்டால் அசைகிற, இழுத்தால் வருகிற, எழுதினால் ஏற்றுக்கொள்கிற பக்கங்களைச் செய்வது என் தொழில். நான் படித்தது பி.எஸ்ஸி. வேதியியல். அந்தப் படிப்புக்கும் இந்த வேலைக்கும் நடுவில் நின்றது ஒரு வரைபடம்.

2005-இல் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் ஒரு நண்பன் கூகுள் மேப்ஸைத் திறந்து காட்டினான். அந்த வருடம் பிப்ரவரியில்தான் அது வெளிவந்திருந்தது. ஆரம்பத்தில் அதில் தெருத் தெருவாக இருந்ததெல்லாம் அமெரிக்காதான். நமக்கு அமெரிக்காவில் என்ன ஜோலி? ஆனாலும் நியூயார்க்கை மவுஸால் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். வந்தது! அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் நிறமாக இருந்த சதுரங்கள் ஒவ்வொன்றாகத் தெருவும் பூங்காவுமாக நிரம்பின. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வேண்டியது நியூயார்க் இல்லை, அந்த இழுப்பு.

இன்றைக்கு ஸ்மார்ட்போனோடு பிறந்த பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அதற்கு முன்னால் இருந்த இணைய வரைபடங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். படத்தின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். கிழக்கே போக வேண்டுமென்றால் வலது அம்பை அழுத்த வேண்டும். உடனே பக்கம் முழுக்க வெள்ளையாகிவிடும். மணல் கடிகாரம் சுற்றும். நமக்குக் கொட்டாவி வரும். பிறகு வேறொரு படம் வரும். முந்தைய படத்தில் எங்கே இருந்தோம் என்பது அதற்குள் மறந்திருக்கும். பெரும்பாலான வலைத்தளங்கள் அன்று அப்படித்தான். என்ன கேட்டாலும் பக்கத்தை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றைக் கொண்டுவருவார்கள்.

அந்த வழுக்கலுக்குப் பின்னால் இருந்த சங்கதி என்ன என்று தோண்டப் போய்த்தான் இந்தத் தொழிலுக்குள் விழுந்தேன். பிரவுசரில் ரைட் கிளிக் செய்து ‘வியூ சோர்ஸ்’ கொடுத்தால் பக்கத்தின் குடல் முழுக்கத் தெரியும். வேறெந்தத் தொழிலில் போட்டியாளனின் பட்டறைக்குள் போய் அவன் திருகாணிகளை எண்ணிப் பார்க்கலாம், சொல்லுங்கள்? பிரவுசர், பக்கத்தைக் கலைக்காமலேயே சர்வரிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் கேட்டு வாங்கும் வித்தை அப்போதே புதிதல்ல. மைக்ரோசாஃப்டில் அவுட்லுக் மின்னஞ்சலை பிரவுசருக்குள் கொண்டுவரப் பாடுபட்ட குழு, எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற வாய்க்குள் நுழையாத பெயரில் அதைச் செய்து, 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் சேர்த்துவிட்டிருந்தது. சில வருடங்கள் அது கேட்பாரற்றுக் கிடந்தது என்றே சொல்லலாம். 2004 ஏப்ரல் முதல் தேதி அதே வித்தையோடு ஜிமெயில் வந்தது. அடுத்த பிப்ரவரியில் மேப்ஸ் வந்தது. அதே மாதம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்ற வடிவமைப்பாளர் இந்த முறைக்கு ‘அஜாக்ஸ்’ என்று பெயர் சூட்டி ஒரு கட்டுரை எழுதினார். அவ்வளவுதான், வேலை விளம்பரங்களில் எல்லாம் அஜாக்ஸ் தெரிந்தவர் தேவை, அஜாக்ஸ் தெரிந்தவர் தேவை.

அந்தச் சாம்பல் சதுரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவற்றுக்கு டைல் என்று பெயர். ஒவ்வொன்றும் 256-க்கு 256 பிக்சல். பூஜ்ஜியம் ஜூமில் மொத்த உலகமும் ஒரே டைல். ஒரு படி உள்ளே போனால் நாலு. அடுத்த படியில் பதினாறு. படிக்குப் படி நாலு மடங்கு. தெருமுனை டீக்கடை தெரிகிற 18-ஆவது படிக்குப் போனால் 6,800 கோடிக்கும் மேல்! இத்தனையையும் முன்கூட்டியே வரைந்து வைத்திருக்க யாராலும் ஆகாது, தேவையும் இல்லை. உலகத்தில் பாதிக்கு மேல் கடல். நடுக்கடலைப் பெரிதாக்கிப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மேல் படிகளைத் தயாராக வைத்துக்கொண்டு, உள்படிகளை யாராவது எட்டிப் பார்க்கும்போது வரைகிறார்கள். உங்கள் ஊரை நீங்கள் பெரிதாக்கும் அந்தக் கணத்தில் எங்கோ ஒரு சர்வர் உங்களுக்காக உங்கள் தெருவை வரைந்துகொண்டிருக்கக்கூடும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

கூகுள் படத்தை இழுக்கத்தான் முடிந்தது. தப்பாக இருந்தால் திருத்த முடியவில்லை, விட்டுப்போனதைச் சேர்க்க முடியவில்லை. அந்த ஆசையைத் தீர்த்து வைத்தவர் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் தொடங்கிய ஸ்டீவ் கோஸ்ட். 2004-இல் லண்டனில் கல்லூரி மாணவராக இருந்தவர். பிரிட்டனில் அரசாங்கத்தின் ஆர்ட்னன்ஸ் சர்வே அருமையாக வரைபடங்கள் போட்டு வைத்திருந்தது. ஆனால் அந்தத் தகவலை எடுத்து நாம் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அன்று பணம் கட்ட வேண்டியிருந்தது, ஆயிரம் நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இவர் விக்கிப்பீடியாவைப் பார்த்தார். கலைக்களஞ்சியத்தையே ஊர் கூடி எழுத முடிகிறபோது வரைபடத்தை ஏன் முடியாது? ஜிபிஎஸ் கருவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பியது. போன வழியெல்லாம் கோடு. 2006 மே மாதத்தில் ஐல் ஆஃப் வைட் என்ற தீவுக்கு ஒரு வார இறுதியில் கும்பலாகப் போய்த் தெருத் தெருவாகச் சுற்றி வரைந்தார்கள். சுற்றுலா போனவர்கள் ஒரு தீவின் வரைபடத்தோடு திரும்பி வந்த கதை இது.

சொல்லப்போனால் வலை பிறந்ததே இப்படித்தான். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் பிரவுசரில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தவும் முடியும். பிறகு எல்லாருடைய கைக்கும் வந்த பிரவுசர்கள் படிப்பதற்கு மட்டும்தான். எழுதுகிற பாதி எங்கோ கழன்று விழுந்துவிட்டது. 1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் விக்கியைக் கொண்டுவந்தார். 2001-இல் விக்கிப்பீடியா, 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா. விழுந்த பாதியை ஆளாளுக்குத் தேடி எடுத்து ஒட்டவைத்த வருடங்கள் அவை. 2006 முடியும்போது டைம் பத்திரிகை அந்த ஆண்டின் மனிதராக ‘நீங்கள்’ என்று போட்டு, அட்டையில் கண்ணாடி ஒட்டியதெல்லாம் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் உற்சாகம் பொய்யில்லை.

இப்போது எங்கள் கண்மாய்க்கு வருகிறேன்.

எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். நான் முதலில் தேடிப் பார்த்தபோது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் ஊர் இருந்த இடத்தில் வெறும் வெளிர்நிறம். நெடுஞ்சாலை ஒன்று பக்கத்தில் போனது. ஊரும் இல்லை, தெருவும் இல்லை, ஊரைவிடப் பெரியதான கண்மாயும் இல்லை. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. கோபம் அடங்குவதற்குள் ‘எடிட்’ பொத்தான் கண்ணில் பட்டது.

அந்த எடிட்டரின் பெயர் ஐடி. 2013-இல் வந்தது. பிரவுசருக்குள்ளேயே ஓடும், எதையும் இறக்கி நிறுவ வேண்டாம். பின்னணியில் செயற்கைக்கோள் படம் விரியும். மேலே மூன்றே மூன்று பொத்தான்: புள்ளி, கோடு, பரப்பு. உலகத்தில் உள்ள எதையும் இந்த மூன்றுக்குள் அடக்கிவிடலாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்களே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு. பரப்பைத் தேர்ந்தெடுத்துக் கண்மாய்க் கரையோரமாகக் கிளிக், கிளிக், கிளிக் என்று போனேன். கரை வளைகிற இடத்தில் புள்ளிகளை நெருக்கமாக, நேராக இருக்கிற இடத்தில் தள்ளித் தள்ளி. ஆரம்பித்த புள்ளிக்கே வந்து சேர்ந்ததும் பரப்பு மூடிக்கொண்டது. இது என்ன என்று இடது பக்கத்தில் கேட்டது. நீர்நிலை என்றேன். அடுத்த கேள்விதான் என்னைக் கவிழ்த்தது: தண்ணீர் எப்போதும் இருக்குமா, சில காலம் மட்டுமா?

கண்மாயை அறிந்தவன் கேட்கிற கேள்வி அல்லவா இது! ஐப்பசி, கார்த்திகையில் கடல், சித்திரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற மைதானம். அதற்கென்று ‘இன்டர்மிட்டன்ட்’ என்று ஒரு குறிச்சொல் தயாராக இருந்தது. கலுங்குக்கு ‘வியர்’. மடைக்கு ‘ஸ்லூயிஸ் கேட்’. கரைக்குத் தனி, வரத்துக்காலுக்குத் தனி. எங்கேயோ ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் உட்கார்ந்து தண்ணீரைப் பற்றி வருடக்கணக்கில் விவாதித்து வைத்த பட்டியலில் எங்கள் ஊர்க் கண்மாய் அச்சு அசலாகப் பொருந்தி உட்கார்ந்தது.

மடைகள் எங்கே என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கருவேலம் மறைத்திருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பெரியவரைப் பிடித்துக் கரையில் நடந்தேன்.

“மொத்தம் எத்தனை மடை தாத்தா?”

“நாலுடா. நாலாவது தூந்துபோயி ரொம்ப நாளாச்சு. அதையும் போடுவியா?”

“போடலாம் தாத்தா. இப்ப வேலை செய்யலைன்னு சொல்லியே போடலாம்.”

அவர் என் போனை வாங்கி நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “அப்ப மறக்காமப் போடு. எங்க அய்யா கட்டிவிட்ட மடை அது” என்றார். கைவிடப்பட்டவற்றைக் குறிக்கவும் இந்தப் படத்தில் முறை இருக்கிறது. நாலாவது மடையை அப்படியே போட்டேன்.

தெருப்பெயர் விஷயத்தில்தான் கூத்து. டீக்கடை அண்ணாச்சியிடம் கேட்டால் அவர் திருப்பிக் கேட்கிறார்: “எந்தப் பேரைத் தம்பி சொல்ல? பஞ்சாயத்து போர்டுல எழுதியிருக்கிறதா, ஜனங்க கூப்பிடுறதா, எங்க அப்பா காலத்துல இருந்ததா?” மூன்றுமே வேண்டும் என்றேன். அவருக்கு நம்பிக்கையில்லை. இருக்கிற பெயர், வேறு பெயர், பழைய பெயர் என்று ஒரே தெருவுக்கு மூன்று பெட்டி இருப்பதைக் காட்டியதும், கடையில் நின்ற இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். டீ ஆறிப்போயிற்று. தமிழில் எழுதத் தனிப் பெட்டி. எங்கள் ஊரின் பெயர் தமிழில், கோடு கோடாகத் தெருக்கள், நடுவில் நீலமாகக் கண்மாய். சேமித்த கொஞ்ச நேரத்தில் உலகத்துக்கே தெரிகிற படத்தில் வந்து நின்றது. பிரேசிலில் இருப்பவர் தட்டினாலும் அந்த நாலாவது மடை வரும். எதற்காக அவர் தட்டப்போகிறார் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடக் கட்டடத்தை வரையும்போது என் கை நடுங்கிச் சுவரெல்லாம் கோணலாக இருந்தது. விசைப்பலகையில் ‘க்யூ’வைத் தட்டினேன். நாலு மூலையும் சட்டென்று செங்கோணமாக நிமிர்ந்து நின்றன. கொத்தனாரின் மூலைமட்டத்தை ஒரு விசைக்குள் வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரிச் சின்னச் சுகம் ஒன்றைச் செய்து கொடுத்தவன் எவன் என்று தேடுகிற புத்தி எனக்கு அங்கேதான் வந்தது. தேடினால் கிடைக்கும், அதுதான் விசேஷம். எடிட்டரின் நிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. தளம் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. அடியில் இருக்கிற தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்க்யூஎல். எல்லாவற்றையும் யாரும் பார்க்கலாம், கைவசம் திறமை இருந்தால் திருத்தி அனுப்பலாம்.

விளையாட்டுக்குச் செய்வது என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு நான் சொல்வது ஹெய்ட்டியை. 2010 ஜனவரி 12-ஆம் தேதி போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தது. மீட்புக்குப் போனவர்களுக்கு உருப்படியான தெருப்படம் இல்லை. செயற்கைக்கோள் நிறுவனங்கள் புதிய படங்களைத் திறந்துவிட்டன. உலகத்தின் எங்கெங்கோ வீட்டு மேசைகளில் உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள் அவற்றின் மேல் கோடு கோடாக வரைந்தார்கள்: தெரு, இடிந்த கட்டடம், கூடாரம் போட்ட திடல். சில நாட்களிலேயே மீட்புக் குழுவினர் அந்தப் படத்தைக் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதற்கென்றே ஹாட் என்ற மனிதநேய அமைப்பு அதே ஆண்டில் உருவானது.

நமக்கும் அந்த நாள் வந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி வந்த வெள்ளம். சென்னை. நான் அப்போது பெங்களூரில். சித்தி முடிச்சூரில். ராத்திரி முழுக்கப் போன் போகவில்லை. அடுத்த நாள் எப்படியோ ஒரு தடவை லைன் கிடைத்தது. “கீழ் வீடு முழுகிடுச்சுப்பா, நாங்க மாடியில இருக்கோம், தெருவுல ஆள் உயரத்துக்கு ஓடுது” என்றார். அதோடு கட்.

அந்த நேரத்தில்தான் வெள்ள வரைபடம் ஒன்று கைக்குக் கை பரவியது. மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் நண்பர்களும் அவசரமாகக் கட்டிய பக்கம். சென்னையின் தெருக்கள் எல்லாம் மெல்லிய கோடுகளாக இருக்கும். தண்ணீர் நிற்கிற தெருவின் மேல் கிளிக் செய்தால் அந்தக் கோடு நிறம் மாறும். அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை, பதிவு கேட்கவில்லை. சித்தி தெருவைத் தேடி அழுத்தினேன். நிறம் மாறியது. பக்கத்துத் தெரு ஏற்கனவே நிறம் மாறியிருந்தது. அதை அழுத்தியவர் யாரோ, துபாயில் இருந்தாரோ, அடுத்த மாடியில் இருந்தாரோ. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேளச்சேரிப் பக்கம், கோட்டூர்புரம் பக்கம் என்று கோடுகள் மாறிக்கொண்டே போயின. ஆயிரக்கணக்கான தெருக்களை மக்கள் இப்படிக் குறித்தார்கள். எந்த வழியாகப் போனால் மாட்டிக்கொள்வோம் என்பதை ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

இது எப்படி அத்தனை வேகத்தில் முடிந்தது என்று ஒரு வெப் டெவலப்பராக எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு குதிக்கிறேன். வெள்ளம் வந்த பிறகு யாரும் சென்னையை முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோடுகளை அதற்கு முன்பே, எந்த வெள்ளத்தையும் நினைக்காமல், மனசுக்குப் பிடித்துப்போய், வருடக்கணக்கில் யார் யாரோ வரைந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண் உண்டு. கிளிக் செய்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. தகவல் பூட்டப்பட்டிருந்தால் அனுமதிக் கடிதம் எழுதுவதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும்.

இனி வேலை விஷயம். ஆர்வமாக ஏதாவது செய்கிற பிள்ளையைப் பார்த்து வீட்டில் “இதெல்லாம் சோறு போடுமா?” என்று கேட்பார்கள். போடும். எனக்குப் போட்ட விதத்தைச் சொல்கிறேன்.

லீஃப்லெட் என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இருக்கிறது. 2011-இல் கீவ் நகரத்துக்காரரான வொலோதிமிர் அகாஃபோன்கின் வெளியிட்டது. இறகளவு எடை. நாலைந்து வரி எழுதினால் உங்கள் பக்கத்தில் இழுத்தால் வழுக்கும் வரைபடம் வந்துவிடும். 2005-இல் வாய் பிளந்து பார்த்த அதே வழுக்கல்! அதை வைத்து எங்கள் மாவட்டத்தின் மினி பஸ் வழித்தடங்களைப் போட்டேன். நிறுத்தத்தைத் தட்டினால் பஸ் நேரம் வரும். விட்டுப்போன நிறுத்தம் இருந்தால் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒரு நேர்காணலில், டிகிரியைப் பார்த்து முகம் சுளித்தவரிடம் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கமாம். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “எங்க விலக்கு ஸ்டாப்பைக் காணோமே” என்றார். “சேருங்க சார்” என்றேன். சேர்த்தார். அடுத்த ஸ்டாப்பையும் சேர்த்தார். கேள்வி கேட்க வேண்டியவர் கேள்விகளை மறந்துபோன அந்தக் காட்சியை நான் பேரன் பேத்திகளுக்குச் சொல்வேன். வேலை கிடைத்தது என்று தனியாக எழுத வேண்டுமா?

இந்தத் தொழிலுக்குள் எத்தனை வேலைகள் கிளைத்திருக்கின்றன! ஒரு காலத்தில் ‘வெப் மாஸ்டர்’ என்று ஒருவர் இருப்பார், எல்லாமே அவர்தான். இன்றைக்குத் திரையில் தெரிவதைச் செய்பவர் ஃபிரன்ட்-எண்ட், சர்வரைக் கட்டிக் காப்பவர் பேக்-எண்ட், பொத்தான் எங்கே இருந்தால் கை தானாகப் போகும் என்று மண்டையை உடைத்துக்கொள்பவர் யுஎக்ஸ். வரைபட உலகத்தில் இன்னும் ரசமான வேலைகள்: வரைபடத் தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் கோடிக்கணக்கான கோடுகளை மேய்ப்பவர், எந்தச் சாலை எந்த ஜூமில் எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பவர், டெலிவரி வண்டிக்குப் பாதை கண்டுபிடித்துத் தருபவர். அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் எல்லாம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைத் திருத்த ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன. நாங்கள் சும்மா செய்ததை அவர்கள் காசு கொடுத்துச் செய்கிறார்கள். சில பழைய ஆட்களுக்கு இதில் முணுமுணுப்பு உண்டு. எனக்கு இல்லை. வரட்டும், மடை எங்கே என்று அவர்களுக்கு எப்படியும் தெரியாது.

இதெல்லாம் கலிஃபோர்னியாக்காரர்கள் சமாசாரம் என்று ஒதுங்க வேண்டியதும் இல்லை. பிரவுசருக்குள்ளேயே ஆவணம் எழுதும் ஜோஹோ ரைட்டர் 2005-இலேயே சென்னை வேர் கொண்ட ஒரு நிறுவனத்திலிருந்து வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையில் வைக்கும் பள்ளியையும் அவர்கள் தொடங்கினார்கள். இன்றைக்குத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். குற்றாலச் சாரல் அடிக்கிற இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட்! கொடுத்து வைத்தவர்கள்.

என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு என் அபிப்பிராயம் பச்சையாக இதுதான். விளம்பரத்தில் இருக்கும் பெயரைத் துரத்தாதீர்கள். 2006-இல் ஜேக்வெரி வந்தது, அது தெரியாதவன் மனுஷனே இல்லை என்றார்கள். 2013-இல் ரியாக்ட் வந்தது, இப்போது அது. நாளைக்கு வேறு. அடியில் இருக்கிற ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் ஊறப் போட்டுப் படியுங்கள். நிரலை ஏஐ எழுதிக் கொடுக்கிற காலம் இது, உண்மைதான். நானும் எழுத வைக்கிறேன். ஆனால் கண்மாயில் தண்ணீர் எப்போதும் இருக்குமா என்ற கேள்வியைப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே. ஒரு நிஜமான ஆளுக்கு உபயோகப்படுகிற ஒரு பக்கத்தைச் செய்துவிட்டு, அவர் அதில் தடுமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் அதைக் கற்றுத் தராது.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் கிறுக்கி வைக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். வைப்பார்கள். போகிமான் கோ விளையாட்டு 2017 கடைசியில் தன் வரைபடத்தை ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாற்றிக்கொண்டது. பூங்கா இருந்தால் நல்ல போகிமான் வரும் என்று நம்பிச் சில பயல்கள் தங்கள் வீட்டைச் சுற்றி இல்லாத பூங்காவை வரைந்து வைத்தார்கள்! சிரித்துக்கொண்டே நீக்கினோம். எந்தக் கோட்டை யார் எப்போது தொட்டார் என்பது முழுக்கப் பதிவாகிறது, பழைய நிலைக்குத் திருப்புவது எளிது. எனக்கென்னவோ, ஓசியில் பொக்கிஷம் கிடைக்கும்போது நாலு போகிமான் பூங்காவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் இப்போது நான் மட்டும் இல்லை. ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. சார் ஒருவர் பேரனின் லேப்டாப்பில் இதைப் பழகிவிட்டார். வருடக்கணக்காகப் புல எண்களோடு வாழ்ந்த மனுஷன். சுற்றுப்பட்டி முழுக்க ஒவ்வொரு ஊருணியும் ஓடையும் அவருக்கு மனப்பாடம். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவர் சேமிப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழும். போன வாரம் நான் போட்ட சாலையிலேயே கை வைத்துவிட்டார். நான் அதைக் குடியிருப்புச் சாலை என்று போட்டிருந்தேன், இரண்டு பக்கமும் வீடு இருக்கிறதே. அவர் ஒரு படி உயர்த்தி, மாற்றத்துக்கான குறிப்பில், “இதில் மினி பஸ் போகிறது, நாலு ஊரைச் சேர்க்கிற ரோடு, தம்பி கவனிக்கவும்” என்று எழுதியிருந்தார். பஸ் போனால் மட்டும் போதுமா சார், அகலத்தைப் பார்க்க வேண்டாமா என்று பதில் போட்டிருக்கிறேன். நேற்றுப் பார்த்தால், பதிலுக்கு அகலத்தை மீட்டரில் சேர்த்துவிட்டு, பக்கத்துத் தெருவிலும் ஆரம்பித்திருக்கிறார்.